படத்தைப் பார்த்துக் கல்லுக்குப் பெயர் வைக்க முடியுமா?

இந்த முறை பங்குச்சந்தையும் இல்லை, பட்ஜெட்டும் இல்லை. கல்லைப் பற்றி ஒரு பதிவு. பி.காம். படிக்கிறவனுக்குக் கல்லில் என்ன வேலை என்கிறீர்களா? இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தர்மபுரிப் பக்கம் கிணறு வெட்டினாலும் கல், வீட்டுக்குக் கடைக்கால் எடுத்தாலும் கல், ஏர் ஓட்டினாலும் கல். அதில் எப்போதாவது ஒன்று மினுமினுக்கும், அல்லது அளவுக்கு மீறிக் கனக்கும். உடனே செல்போனில் ஒரு படம் எடுத்துத் தெரிந்தவர்களுக்கு எல்லாம் அனுப்புவார்கள். கூடவே இரண்டு கேள்விகள் வரும். "இது என்ன கல்?" "விலை போகுமா?"

முதல் கேள்வி புவியியல் துறைக்காரர்களுடையது, இரண்டாவது எங்கள் துறையுடையது :) ஆனால் முதலாவதற்குச் சரியான பதில் இல்லாமல் இரண்டாவதற்குப் பதிலே கிடையாது. படத்தை மட்டும் பார்த்து அந்த முதல் கேள்விக்குப் பதில் சொல்ல முடியுமா? இதற்கு நம் ஊர்ப் பக்கத்து வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

அதற்கு முன் ஒரு குறிப்பு. பழைய புவியியல் நூல்களில் "தர்மபுரி மாவட்டம்" என்று தேடினால் எதுவும் கிடைக்காது. 1965 அக்டோபர் 2 வரை நாம் சேலம் மாவட்டத்தில் இருந்தோம். 2004-ல் கிருஷ்ணகிரி நம்மிடமிருந்து பிரிந்தது. ஆகவே பழைய பதிவுகளில் "சேலம்" என்று இருப்பதில் நம் ஊர்க் கற்களும் அடக்கம்.

1. அரூரும் பென்சிலும்

நம் மாவட்டத்திலிருந்தே ஆரம்பிப்போம். அரூர் - ஊத்தங்கரைப் பகுதியில் மாலிப்டினைட் என்ற கனிமம் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் கண்டறிந்திருக்கிறது. எஃகில் சேர்க்கிற மாலிப்டினம் என்ற உலோகம் இதிலிருந்துதான் வருகிறது. இந்தியாவில் அரிதான சரக்கு.

இது பார்க்க எப்படி இருக்கும்? ஈயச் சாம்பல் நிறம், உலோகப் பளபளப்பு, விரலில் தேய்த்தால் வழுவழுப்பு, காகிதத்தில் கோடு போட்டால் கறுப்பாக எழுதும். சரி, கிராஃபைட் எப்படி இருக்கும்? அதே சாம்பல் நிறம், அதே பளபளப்பு, அதே வழுவழுப்பு, அதுவும் எழுதும்! நம் சிவகங்கையில் வெட்டி எடுக்கிறார்களே, அந்த கிராஃபைட்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தால் தேர்ந்த ஆளே தடுமாறுவார்.

தடுமாறியும் இருக்கிறார்கள், பல நூற்றாண்டுகளாக. ஐரோப்பாவில் இந்த இரண்டையும், கூடவே ஈயத் தாதுவையும் ஒரே குடும்பமாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். "மாலிப்டினம்" என்ற பெயரே ஈயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பென்சிலுக்குள் இருப்பதை ஆங்கிலத்தில் இன்றும் ஈயம் என்றுதான் சொல்கிறார்கள். அதில் ஈயம் ஒரு துளி கூடக் கிடையாது.

1778-ல் ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்ற வேதியியலாளர் இந்தக் குழப்பத்தைத் தீர்த்தார். எப்படி? உற்று உற்றுப் பார்த்து அல்ல. நைட்ரிக் அமிலத்தை ஊற்றிப் பார்த்தார். ஒன்று வெள்ளைப் பொடியாக மாறியது, மற்றொன்று அசையவே இல்லை. மாறியது மாலிப்டினைட், மாறாதது கிராஃபைட். 1781-ல் அவருடைய நண்பர் யெல்ம் அந்த வெள்ளைப் பொடியிலிருந்து புதிய உலோகத்தையே பிரித்தெடுத்தார்.

இன்று அமிலம்கூட வேண்டாம். கிராஃபைட்டின் அடர்த்தி தண்ணீரைப் போல 2.2 மடங்கு, மாலிப்டினைட் 4.7 மடங்கு. அதாவது சுத்தமான துண்டுகளாக இருந்தால், ஒரே அளவுக்கு ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும். கையில் தூக்கினாலே தெரிந்துவிடும் வித்தியாசம். ஆனால் படத்தில் கனம் தெரியாதே!

2. குருந்தம்: லண்டன் போன நம் ஊர்ச் சொல்

இரண்டாவது கதை இன்னும் சுவாரஸ்யமானது. ஆங்கிலத்தில் "கொரண்டம்" என்கிற கனிமத்தின் பெயருக்கு மூலம் நம் "குருந்தம்" என்ற சொல். சமஸ்கிருதத்தில் "குருவிந்தம்". வைரத்துக்கு அடுத்த கடினம் இதற்குத்தான். இதைப் பொடி செய்து அரக்கில் குழைத்துச் சாணைக்கல் செய்வது நம் நாட்டின் பழைய தொழில். கத்தி தீட்டவும் ரத்தினக் கற்களைப் பட்டை தீட்டவும் பயன்பட்டது.

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கற்களின் மாதிரிகள் இந்தியாவிலிருந்து கப்பலேறி லண்டன் போயின. அங்கே சார்லஸ் கிரெவில் என்ற சேகரிப்பாளர் 1798-ல் ராயல் சொசைட்டியின் இதழில் ஆசியாவின் இந்தக் கல்லைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1802-ல் பிரெஞ்சுக்காரரான பூர்னோன் பிரபு இன்னொரு கட்டுரை எழுதினார். அதில் சொன்ன விஷயம் நகை வியாபாரத்துக்கே அதிர்ச்சி: சிவப்பு மாணிக்கம், நீல நீலக்கல், சாணை பிடிக்கும் அழுக்கு நிறக் குருந்தம் மூன்றும் ஒரே கனிமம்!

யோசித்துப் பாருங்கள். ஒன்று ராஜா கிரீடத்தில், மற்றொன்று கத்தி தீட்டுகிறவர் தோளில். மூன்றையும் வரிசையாகப் படம் எடுத்துக் காட்டினால் யாராவது ஒரே பொருள் என்பார்களா? மூன்றும் அலுமினியம் ஆக்சைடுதான். துளியளவு குரோமியம் சேர்ந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். பூர்னோன் நிறத்தை நம்பவில்லை. படிகத்தின் வடிவம், கடினம், அடர்த்தி ஆகியவற்றைப் பார்த்தார். வேதியியல் சோதனையை ரிச்சர்ட் செனெவிக்ஸ் என்பவர் செய்தார்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. இங்கிலாந்து அரச கிரீடத்தின் முன்பக்கம் பெரிதாக இருக்கும் "கறுப்பு இளவரசனின் மாணிக்கம்" உண்மையில் மாணிக்கமே அல்ல, ஸ்பினல் என்ற வேறு கனிமம். அதே சிவப்பு, அதே ஜொலிப்பு. பல நூற்றாண்டுகள் எல்லோரும் மாணிக்கம் என்றே நம்பினார்கள். ஆக, வேறு வேறாகத் தெரிவது ஒன்றாக இருக்கலாம், ஒன்றாகத் தெரிவது வேறாகவும் இருக்கலாம். கண் இரண்டு பக்கமும் ஏமாறும்.

குருந்தத்துக்குப் பெயர்பெற்ற நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டியின் பாறை இன்று இன்னொரு காரணத்துக்காகப் பிரபலம். சந்திரயான்-2 திட்டத்தில் ஊர்தியை ஓட்டிப் பார்க்க நிலா மண் போல ஒரு மண் தேவைப்பட்டது. சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியில் கிடைக்கும் அனார்த்தசைட் பாறையை அரைத்துத்தான் இஸ்ரோ அதைத் தயாரித்தது. நிலாவின் படத்தோடு ஒப்பிட்டு இந்தப் பாறையைத் தேர்ந்தெடுக்கவில்லை. நிலாவின் மேட்டு நிலப் பாறையும் இதுவும் கனிமச் சேர்க்கையில் ஒத்துப்போனதால் தேர்ந்தெடுத்தார்கள்.

3. கல்லறையில் கிடைத்த பெயர்

கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி ஊன்றக் காரணமானவர் ஜாப் சார்னாக். அவருடைய கல்லறை புனித ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. கல்லறைக் கல் மட்டும் வங்காளத்துக் கல் அல்ல. சென்னைப் பரங்கிமலை - பல்லாவரம் பக்கத்திலிருந்து போனது.

இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் இருந்த தாமஸ் ஹாலந்து 1893-ல் இந்தக் கல்லை ஆராய்ந்து எழுதி, அந்தப் பாறை வகைக்கு "சார்னக்கைட்" என்று பெயர் வைத்தார். பார்வைக்கு அது ஏதோ நீலம் கலந்த கருங்கல். சாதாரணக் கிரானைட் என்று யாரும் சொல்லிவிடலாம். ஆனால் கல்லை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தகடாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால், சாதாரணக் கிரானைட்டில் எதிர்பார்க்க முடியாத ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் தெரியும். அங்கேதான் பெயர் கிடைத்தது.

இன்று உலகம் முழுவதும் புவியியல் மாணவர்கள் படிக்கிற சொல் இது. சேர்வராயன் மலையே சார்னக்கைட் மலைதான். கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரி வழியாகத் தெற்கே போனால், சாதாரண நைஸ் பாறை எப்படி மெல்ல மெல்லச் சார்னக்கைட்டாக மாறுகிறது என்பதைப் பார்க்கலாம். அதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து எல்லாம் ஆராய்ச்சியாளர்கள் வந்திருக்கிறார்கள். நாம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே தாண்டிப் போகிறோம்!

4. 2016, நாட்றம்பள்ளி

இப்போது சிரிக்க முடியாத கதை.

2016 பிப்ரவரி 6. அன்றைய வேலூர் மாவட்டத்தில், இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில், நாட்றம்பள்ளி அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி வளாகம். பெரும் சத்தம். தரையில் ஒரு பள்ளம். பேருந்துக் கண்ணாடிகள் நொறுங்கின. கல்லூரிப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்துபோனார், வேறு சிலர் காயமடைந்தார்கள்.

வெடிபொருளின் தடயம் கிடைக்கவில்லை என்றார்கள். அங்கே ஒரு சிறு கல் கிடைத்தது. மறுநாளே அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா, விண்கல் விழுந்ததில் நேர்ந்த விபத்து என்று அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்க உத்தரவிட்டார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் நம் பக்கம் திரும்பின. காரணம், விண்கல் தாக்கி மனிதர் ஒருவர் இறந்ததாக அறிவியல்பூர்வமாக உறுதியான நவீன காலச் சம்பவம் அதுவரை ஒன்று கூட இல்லை. 1954-ல் அமெரிக்காவின் அலபாமாவில் ஒரு பெண்மணி மீது கூரையைத் துளைத்துக்கொண்டு விண்கல் விழுந்தது. அவருக்குப் பலத்த அடி, உயிருக்கு ஆபத்தில்லை.

அந்தக் கல்லும் பள்ளமும் இணையத்தில் படங்களாகப் பரவின. அவற்றைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், இது விண்ணிலிருந்து வந்த பொருள் செய்த வேலையைவிடத் தரையில் நடந்த ஒரு வெடிப்போடுதான் அதிகம் பொருந்துகிறது என்று அறிக்கை விட்டார்கள். இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துக்காரர்கள் நேரிலேயே வந்து பார்த்தார்கள். அவர்களுடைய காவலூர் வானாய்வகம் அங்கிருந்து தொலைவில் இல்லை. அந்தச் சம்பவம் விண்கல் மரணமாக இன்றுவரை ஏற்கப்படவில்லை.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று. அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு படத்தை மட்டும் பார்த்து அவர்கள் ஒரு கருத்துச் சொன்னார்கள் அல்லவா? அப்படியானால் படம் போதும் என்று ஆகாதா? ஆகாது. "இது இன்ன கல்" என்று அவர்கள் சொல்லவில்லை. "விண்கல்லோடு பொருந்தவில்லை" என்றுதான் சொன்னார்கள். படம் பெரும்பாலும் "இல்லை" என்று சொல்லத்தான் உதவும். "ஆமாம், இதுதான்" என்று சொல்ல அதற்கு அதிகாரம் இல்லை. ஆமாம் என்று சொல்லக் கல் கையில் வேண்டும், சோதனைக்கூடம் வேண்டும்.

இரண்டு. ஒரு கல்லின் பெயர் சும்மா பெயர் அல்ல. விண்கல் என்றால் யாரும் பொறுப்பில்லை, வானம் செய்த காரியம். தரையில் நடந்த வெடிப்பு என்றால் என்ன வெடித்தது, ஏன் வெடித்தது என்று கேட்டே ஆகவேண்டும். ஒரு குடும்பத் தலைவரின் மரணத்துக்குக் காரணம் என்ன என்ற கேள்வி, கைக்குள் அடங்கும் ஒரு கல்லின் பெயரில் தொங்கிக்கொண்டிருந்தது. அவசரப்பட்டுப் பெயர் வைத்தால் கேள்வி கேட்கிற வழியே அடைபட்டுவிடும் அல்லவா?

5. குளத்தில் "டைனோசர் முட்டை"

2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளத்தில் மண் எடுக்கும்போது உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் கிடைத்தன. படங்கள் வாட்ஸ்அப்பில் பறந்தன, "டைனோசர் முட்டை" என்ற தலைப்போடு! புவியியல் அறிஞர்கள் நேரில் வந்து பார்த்துவிட்டு, அவை முட்டை அல்ல, அம்மோனைட் என்ற கடல் உயிரினங்களோடு தொடர்புள்ள படிவுகள் என்று விளக்கினார்கள். அரியலூர் - பெரம்பலூர்ப் பகுதி ஒரு காலத்தில் கடலாக இருந்தது. அந்த ஊருக்கு முட்டையைவிட இதுதான் பொருத்தமான விடை.

உருண்டையாக இருப்பதெல்லாம் முட்டை அல்ல. அதுபோலக் கறுப்பாகக் கனமாக இருப்பதெல்லாம் விண்கல்லும் அல்ல. தர்மபுரி, சேலம், கிருஷ்ணகிரிப் பக்கம் இரும்பு உருக்கிய வரலாறு மிகப் பழையது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. 2172 என்று 2022-ல் தமிழக அரசு அறிவித்தது. அப்படி உருக்கிய இடங்களில் கழித்துப் போட்ட இரும்புக் கசடு கறுப்பாக, குமிழ் குமிழாகக் கிடக்கும். விண்கல் என்று உலகெங்கும் ஆய்வகங்களுக்கு வருகிற கற்களில் இந்தக் கசடுக்குத் தனி இடம் உண்டு!

6. சரி, பி.காம். எங்கே வருகிறது?

1970-ல் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அதுவும் ஒரு காரணம். விஷயம் இதுதான்: விற்கிறவனுக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும்.

கல் சந்தையில் நிலைமை இன்னும் மோசம். படத்தை மட்டும் காட்டி விற்கும்போது கனம், கடினம், காந்தம் எதுவும் வாங்குகிறவனுக்குத் தெரியாது. சில சமயம் விற்கிறவனுக்கே தெரியாது. நடுவில் வரும் தரகருக்குத்தான் கொண்டாட்டம். இரிடியம், ரைஸ் புல்லிங் கலசம் என்று தமிழ்நாட்டில் எத்தனை மோசடிச் செய்திகளைப் படித்திருப்போம்? எல்லாவற்றிலும் ஒரே வழிமுறை. ஒரு படம், ஒரு பெரிய தொகை, "சோதனைச் செலவுக்கு" ஒரு முன்பணம். முன்பணம் கொடுக்கிறவர் பெரும்பாலும் கடன் வாங்கித்தான் கொடுத்திருப்பார்.

நியாயமான வியாபாரத்திலும் பெயர் விளையாட்டு உண்டு. நம் பக்கத்திலிருந்து ஏற்றுமதியாகும் "கறுப்பு கிரானைட்" புவியியல்படி கிரானைட்டே அல்ல, டோலரைட் என்ற வேறு பாறை. இது மோசடி இல்லை, எல்லோருக்கும் தெரிந்த வணிகப் பெயர். ஆனால் வணிகப் பெயர் வேறு, கனிமப் பெயர் வேறு என்பது தெரிந்திருக்க வேண்டும். நம் முன்னோர் மைக்காவுக்குக் "காக்காப்பொன்" என்று பெயர் வைத்தார்களே, அதிலேயே எச்சரிக்கை இருக்கிறது. பொன் போல மின்னும், ஆனால் காக்கைக்குத்தான் பொன் :)

7. கல் கிடைத்தால் என்ன செய்யலாம்?

படமே எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. படத்தோடு சில தகவல்களும் சேர்ந்தால் பார்க்கிறவருக்கு உதவும்.

* அளவு தெரிய ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள். நிழலில், பகல் வெளிச்சத்தில், பல கோணங்களில் எடுங்கள். உடைந்த புதிய முகம் இருந்தால் அதையும் எடுங்கள். வெளித்தோல் வெயிலிலும் மழையிலும் நிறம் மாறியிருக்கும்.

* எங்கே கிடைத்தது என்று எழுதுங்கள். கிணற்றில் எத்தனை அடியில், பக்கத்துப் பாறை எப்படி என்பது பாதி விடை.

* கீறிப் பாருங்கள். 1812-ல் ஃபிரெடரிக் மோஸ் வகுத்த கடின அளவில் நகம் சுமார் 2.5, கண்ணாடி சுமார் 5.5, வெங்கச்சங்கல் 7, குருந்தம் 9, வைரம் 10. கண்ணாடியைக் கீறாத கல் வைரமாக இருக்க வாய்ப்பே இல்லை. கீறினாலும் வைரம் என்று குதிக்க வேண்டாம், சாதாரண வெங்கச்சங்கல்லே கண்ணாடியைக் கீறும்!

* பளபளப்புப் பூசாத ஓட்டின் பின்பக்கத்தில் தேய்த்து, விழும் கோட்டின் நிறத்தைப் பாருங்கள். தீர்த்தமலையின் இரும்புத் தாது மேக்னடைட் கறுப்புக் கோடு போடும். ஹேமடைட் என்ற இன்னொரு இரும்புத் தாது வெளியே கறுப்பாக இருந்தாலும் கோடு செம்மண் நிறத்தில் விழும். கூடவே காந்தம் வைத்துப் பாருங்கள், மேக்னடைட் நன்றாக ஒட்டும்.

* அடர்த்தி பார்க்க மளிகை எடைத் தராசு போதும். முதலில் கல்லின் எடை. பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யம் ஆக்கிவிட்டு, கல்லை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் தண்ணீருக்குள் மூழ்கவிடுங்கள். தராசு காட்டும் எடையால் கல்லின் எடையை வகுத்தால் அடர்த்தி. 106 கிராம் கல், தராசு காட்டுவது 40 கிராம் என்றால் 2.65. அது வெங்கச்சங்கல்லின் அடர்த்தி. பல கனிமங்கள் கலந்த கல்லாக இருந்தால் இந்தக் கணக்கு சராசரியைத்தான் காட்டும்.

இதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் புவியியல் துறை இருக்கிறது, சென்னை கிண்டியில் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. தரகரிடம் போவதற்கு முன் படித்தவர்களிடம் போகலாம்.

முடிவாக

ஷீலே அமிலம் ஊற்றினார், பூர்னோன் கடினத்தையும் அடர்த்தியையும் அளந்தார், ஹாலந்து கல்லைத் தகடாகத் தேய்த்தார். மூவரும் நம்மைவிட நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர்கள். அவர்களே கண்ணை மட்டும் நம்பவில்லை. நாம் ஒரு செல்போன் படத்தை நம்பி நகையை அடகு வைப்பது என்ன கணக்கு?

அடுத்த முறை யாராவது ஒரு படத்தை அனுப்பி "கோடிக்கணக்கில் போகும்" என்று சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கனம் பார்த்தீர்களா?" பதில் வரவில்லை என்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் அடுத்த பதிவில் சந்திப்போம்.